ராஜாவை எழுப்பிய கட்டக்கணக்கு

போன மாதம் என் மகளின் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அழைப்பு வந்தது. ஆண்டு விழாவில் குழந்தைகள் நாடகம் போடுகிறார்களாம். அதற்காக மூன்று சனிக்கிழமைகள் 'குடும்பக் கவிதைப் பட்டறை'. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து தங்கள் வீட்டைப் பற்றி எழுத வேண்டும், எழுதிய வரிகள் நாடகத்தில் சேரும். மற்ற பெற்றோர்கள் வரிசையாகக் கைதட்டும் பொம்மைகளைப் போட்டார்கள். நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

மகளுக்குப் பதினொரு வயது. அவள் சனிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே நோட்டில் எட்டு வரி எழுதிவிட்டாள். அப்பா குளியலறைக்குள் நின்று மேலதிகாரியிடம் கெஞ்சிப் பேசுவது, அம்மா பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பது, இருவரும் சாப்பிடும்போது தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே பேசுவது. நல்ல வரிகள். நான் அந்தத் தாளை நாலாகக் கிழித்தேன். அவள் அழவில்லை.

"நான் எதையும் பொய்யா எழுதலையேம்மா" என்றாள்.

வேலூரில் பதினெட்டு வருடமாகக் குடித்தனம் செய்கிறேன். அலுவலகத்தில் என்னை நிதானமானவள் என்பார்கள். அன்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கிழிந்த தாளைக் கையில் பிடித்தபடி நின்றேன். என் வயதை ஒத்தவர்களே, நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களே, நம்மிடம் நம் பிள்ளைகள் எதையாவது எழுதிக் காட்டும்போது உங்களுக்கு வருவது பெருமை என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு வருவது பயம். அது எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை அது. ஆரணியில் எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு, எல்லா வீட்டிலும் தறி. எங்கள் வீட்டில் இரண்டு. முன்னறையில் அப்பாவுடையது, சமையலறையை ஒட்டிய இருட்டறையில் அம்மாவுடையது. அப்பா வேகமாக நெய்வார். அம்மா சீராக நெய்வாள். பட்டும் சரிகையும் கொடுத்துச் சேலையாக வாங்கிக்கொண்டு போகும் முதலாளிக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஆவணி முகூர்த்தங்களுக்கென்று அவரே உட்கார்ந்து யோசித்த ஒரு புதுக் கட்டத்தை, அந்த வருடம் அப்பாவுக்குக் கொடுக்காமல் அம்மாவின் தறியில் ஏற்றினார். "உன் கையில வேகம் கீதுபா. இதுக்கு வேகம் ஆகாது" என்று அப்பாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அப்போது சிரிப்பு என்றே நினைத்தேன்.

சேலையில் விழும் கட்டம் என்பது வெறும் கணக்கு. எத்தனை இழை அரக்கு, பிறகு எத்தனை இழை சரிகை, பிறகு என்ன நிறம் என்று எண்ணி எண்ணி, நூல் சுற்றிய நாடாவை மாற்றி மாற்றிக் குறுக்கே வீச வேண்டும். ஓர் இழை கூடிப்போனால் கட்டம் கோணிக்கொள்ளும். அம்மாவுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து எண்ணிச் சொல்வதும், அடுத்த நாடாவை எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. அந்த அறையில் ஜன்னல் கிடையாது. தறிக்குழியிலிருந்து ஈரமண் வாசனை வரும். புதுச் சாயமேற்றிய பட்டில் புளித்த மோரும் சோப்பும் கலந்த மாதிரி ஒரு நெடி இருக்கும், அது விரலிலிருந்து சோற்றுக்கு வரும். நான் நடுவில் கணக்கை விட்டுவிடுவேன். அம்மா நெய்ததைப் பிரிக்க வேண்டியிருக்கும். இரண்டு முறை பிரித்தாள், மூன்றாம் முறை என் தலையில் குட்டிவிட்டு, கணக்கைப் பாட்டாகக் கட்டிக் கொடுத்தாள்.

எட்டு அரக்கு, ஒண்ணு சரிகை,
எட்டு அரக்கு, வெந்தயம் ரெண்டு,
பச்சை வந்தா பதினாறு போடு,
பச்சை போனா சரிகைய தேடு,
நாலு வெங்காயம், நடுவுல நில்லு,
வந்த வழியே திரும்பிச் சொல்லு.

வெந்தயமும் வெங்காயமும் நிறங்கள்தான். ஒன்று வெந்தயத்தின் மஞ்சள், மற்றது வெங்காயத்தோலின் இளஞ்சிவப்பு. நடுவில் நின்று அதே வரிசையில் திரும்பி வந்தால் ஒரு கட்டம் முடியும். அதன்பிறகு நான் ஒருமுறைகூடக் கணக்கை விடவில்லை.

அந்தக் கோடையில்தான் நாடக சார் வந்தார். படிக்காதவர்களுக்குத் தெருத்தெருவாக எழுத்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். அந்த வேலையாக வந்த அவர் பாண்டிச்சேரிப் பக்கத்துக்காரர். எங்கள் பள்ளியிலேயே ஓர் அறையில் தங்கி, விடுமுறைக்குள் முப்பது பிள்ளைகளை வைத்து நாடகம் போடப் போவதாகச் சொன்னார். ஒரு ராஜா தூங்கிவிடுகிறார், எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். ஊரிலுள்ள ஒவ்வொரு வீடும் தன் வீட்டுச் சத்தத்தைக் கொண்டுவந்து அவரை எழுப்பப் பார்க்கிறது. அந்தச் சத்தங்களைக் கவிதையாக எழுத, அப்பா அம்மாவும் வர வேண்டும். "எந்த வீட்டுச் சத்தம் ராஜாவ எழுப்புதோ, அந்த வீட்டுக் குழந்தைதான் மேடையில முன்னால நின்னு பேசும்" என்றார்.

எனக்கு அந்த இடம் வேண்டும். வேறெதையும் நான் அவ்வளவு வெறியோடு கேட்டதில்லை, என் கல்யாணம் உட்பட.

முதல் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தார். ஏழு குடும்பம் வந்தது. எல்லாம் சம்பளக்காரர்கள். என் வகுப்பிலேயே படித்த தமிழாசிரியர் மகள் தன் அப்பாவோடு வந்திருந்தாள். அவர் மடித்த காகிதத்தைப் பிரித்து, கோயில் மணியையும் குயிலையும் வைத்து ஒரு பாட்டுப் படித்தார். எதுகை பிசகாமல் இருந்தது. அவள் நடுவில் நடுவில் ஒரு வரி சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"நெசவு வீடுகள்லேருந்து ஏன் யாரும் வரல?" என்று சார் கேட்டார்.

பள்ளிக் காவல்காரர் சிரித்தார். "ஞாயித்துக்கெழம தறி ஓடும் சார். எங்களுக்கு அமாவாசதான் லீவு. அன்னிக்கி வெச்சிக்குங்க, தெருவே எழுந்து வரும்."

அமாவாசையன்று தெருவே எழுந்து வந்தது. அப்பாவைத் தவிர. "நம்ம வூட்ல இன்னா கவித கீது? கொசுதான் கீது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அம்மா தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டச் சொட்ட வந்து வட்டத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கையெழுத்துப் போட மட்டும் வரும். காகிதத்தைப் பார்த்ததும் கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா, உங்க வீட்ல காலையில என்ன சத்தம் கேக்கும்?"

"தறி சத்தம்தான் சார்."

"அது எப்படிக் கேக்கும்?"

அம்மா யோசித்தாள். "தறி மாதிரிதான் கேக்கும்."

வட்டம் முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை அது, இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. தமிழாசிரியர் மகள் தன் அப்பாவின் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாள், எனக்கு அது மட்டும்தான் கண்ணில் பட்டது. நான் எழுந்து நின்று, "எட்டு அரக்கு" என்று தொடங்கினேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். சாதாரணக் கிள்ளல் இல்லை, சதையைத் திருகினாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் சொன்னாள். "அது பாட்டு இல்லடி. மொதலாளி கட்டம். சேல கடைக்கு போற வரைக்கும் ஒரு காக்காக்குக்கூட தெரியக்கூடாது. தெரிஞ்சா நாளைக்கே நாலு பேரு போட்டுடுவான். வாயத் தொறந்த, நாக்க இழுத்துடுவேன்."

எனக்குப் புரிந்தது. சின்னப் பெண், புரியாமல் செய்துவிட்டாள் என்று நீங்கள் சொல்ல வருகிறீர்கள். என் கணவரும் அப்படித்தான் சொன்னார். எனக்கு நன்றாகப் புரிந்தது.

நாலாம் நாள் நானாகப் போய்ச் சாரிடம் பாட்டைச் சொன்னேன். புங்க மரத்தடியில் உட்கார்ந்து தகரத்தில் கிரீடம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரியைக் கீழே போட்டுவிட்டார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். "இதுதாண்டா, இதுதான் ராஜாவ எழுப்பும்!" என்றார். பிறகு அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. "உங்கம்மாதானே கட்டினாங்க? அன்னைக்கு ஏன் சொல்லல?"

"வெக்கம் சார்."

"இத நாடகத்துல வெச்சிக்கலாமான்னு கேட்டியா?"

"கேட்டேன் சார். அம்மாதான் உங்ககிட்ட போயி சொல்லச் சொன்னாங்க."

அவர் அதை நம்பினார். ஊரில் நாலு பேரிடம் காட்டியிருந்தால் போதும், அது என்ன என்று சொல்லியிருப்பார்கள். அவருக்கு அது வெறும் சந்தமாகக் கேட்டது. கவிதை தேடி வருகிறவர்களிடம் எனக்கு இன்றுவரை இருக்கும் கோபம் இதுதான். கேட்டவுடன் மயங்கிவிடுவார்கள், என்னவென்று கேட்க மாட்டார்கள்.

பெற்றோருக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, கடைசி இரண்டு நாள் மட்டும் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோருக்கும் பாட்டைப் பழக்கினார். வெளியில் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். எங்கள் தெருப் பெண் ஒருத்தி என் காதருகே வந்து, "இது கட்டக்கணக்கு இல்லடி?" என்றாள்.

"போடி, பாட்டுடி இது" என்றேன்.

பள்ளி மைதானத்தில், வெயில் தாழ்ந்த நேரத்தில் நாடகம். எங்கள் தெரு முழுக்க வந்திருந்தது, இந்த முறை அப்பாவும். முள்ளிப்பட்டிலிருந்து என் தாய்மாமன், அம்மாவின் தம்பி, சைக்கிளில் வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் இன்னொரு முதலாளிக்கு நெய்கிறவர். எங்கள் முதலாளியை விழாவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருந்தார்கள். கழுத்தில் ரோஜா மாலையோடு முன்வரிசையில் இருந்தார்.

மணிச்சத்தம் வந்தது, ராஜா எழவில்லை. உலக்கை வந்தது, எழவில்லை. குயில் வந்தது, புரண்டு படுத்தார். பிறகு நான் முன்னால் வந்தேன். காலில் சலங்கை. எனக்குப் பின்னால் இருபத்தெட்டு பேர். முதல் முறை சொன்னபோது கூட்டம் சும்மா கேட்டது. இரண்டாம் முறை சொல்லும்போது பார்த்தேன். வரிசை வரிசையாகக் கட்டைவிரல்கள் நகர்ந்துகொண்டிருந்தன. பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு, ஆண்களும் பெண்களும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். மேடையிலிருந்து பார்க்கும்போது அது ஏதோ கூட்டு ஜபம் மாதிரி இருந்தது. நெசவாளிக்குக் கணக்கைக் கேட்டால் கை தானாகப் போகும், அதில் திருட்டு எண்ணம் இருக்க வேண்டியதில்லை. மூன்றாம் முறை ராஜா எழுந்து உட்கார்ந்தார். அதற்குள் எங்கள் முதலாளி மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கைதட்டல் அடங்குவதற்குள் நாடக சார் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "ராஜாவை எழுப்பிய இந்தப் பாட்டைக் கட்டியவரும் மனமுவந்து நமக்குத் தந்தவரும் இந்தக் குழந்தையின் தாயார். அம்மா, எழுந்து நில்லுங்கள், ஊர் உங்களைப் பார்க்கட்டும்."

அம்மா எழுந்து நிற்கவில்லை. பக்கத்திலிருந்தவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். எழுந்து நின்ற அம்மா மேடையைப் பார்த்தாள். நான் காலை ஆட்டினேன், சலங்கை கேட்டது.

மறுநாள் காலை முதலாளி இரண்டு ஆட்களோடு வந்தார். செருப்பைக் கழற்றாமல் நேராக இருட்டறைக்குப் போனார். கத்தரியால் அம்மாவின் தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூலை அறுத்தார்கள். இழுத்துக் கட்டிய பட்டுநூல் அறும்போது சத்தம் பெரிதாக வராது. நெய்து முடிக்காத சேலையைச் சுருட்டினார்கள். கடைசி நாலு விரல் அகலத்துக்கு குறுக்கிழை போகாத வெறும் நூல் தொங்கியது. அம்மா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாப்பா இது? நான் உனக்கு இன்னா கொற வெச்சேன்?" என்று முதலாளி அப்பாவைக் கேட்டார்.

அப்பா அம்மாவைக் கேட்டார். "நீ சொன்னியா?"

"நான் சொல்லல. வாணாம்னு இவ தொடைய கிள்ளி உக்கார வெச்சேன். இவளக் கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளியின் ஆள் கையில் கத்தரி இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாதான் போயி சொல்லச் சொன்னாங்க" என்றேன்.

"பொய் சொல்றா" என்றாள் அம்மா. அழவில்லை, கத்தவில்லை. "பெத்த வாயால சொல்றேன், பொய் சொல்றா."

"கொழந்த எதுக்குடி பொய் சொல்லப் போவுது?" என்று அப்பா கையை ஓங்கினார். "உந்தம்பி மூணாவது வரிசையில உக்காந்துகினு எண்ணினு இருந்தான், எனக்குத் தெரியாதா? அக்காவும் தம்பியும் பேசிகினு பண்ண வேல." பிறகு முதலாளியிடம் திரும்பிக் கைகூப்பினார். "என் சம்சாரம் பண்ணது மொதலாளி. நான் பண்ணல."

இரண்டு வாரத்தில் முள்ளிப்பட்டில் அதே கட்டம் நாலு தறியில் ஓடுவதாகச் சேதி வந்தது. மாமாவின் முதலாளி போட்டிருந்தார். எண்ணிக்கொண்டு போனது மாமாதானா, அந்த மைதானத்தில் இருந்த வேறு யாராவதா, யாருக்கும் தெரியாது. யாரும் விசாரிக்கவும் இல்லை.

இதற்கு நடுவில் ஒருநாள் நாடக சார் எங்கள் தெருமுனைக்கு வந்தார். அப்பாவோடு வெகுநேரம் பேசினார். கைகளை விரித்து விரித்து ஏதோ சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நான் கதவிடுக்கில் நின்று, இதோ மாட்டிக்கொண்டேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே வந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, தன் தறியில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சார் அந்த வாரமே ஊரைவிட்டுப் போனார். தப்பித்தோம் என்று நினைத்தேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

நிறுத்தியிருந்த பட்டை முதலாளி அப்பாவுக்கு மறுபடி கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. அம்மா இனிமேல் தறிமேல் கை வைக்கக்கூடாது. இருட்டறைத் தறியைப் பிரித்து எடுத்தார்கள். குழியை மண் போட்டு மூடினார்கள். தெருவிலேயே சீரான கை அவளுடையது. அந்தக் கையோடு அரிசி ஆலைக்குப் போனாள். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காலால் கிளறும் வேலை. சாயங்காலம் திரும்பி வரும்போது அவள் மேல் வெந்த உமி வாசனை அடிக்கும், பாதம் வெடித்திருக்கும். எதிர்வீட்டு அத்தை வாசலில் உட்கார்ந்துகொண்டு, "இன்னா பாட்டுக்காரி, இன்னிக்கி நெல்லுக்கு இன்னா பாட்டு பாடின?" என்பாள். தெரு சிரிக்கும். பாட்டுக்காரி என்பது நிலைத்துவிட்டது. ரேஷன் கடையில்கூட அப்படிக் கூப்பிட்டார்கள். அம்மா யாருக்கும் பதில் சொன்னதில்லை. என்னோடும் அவசியத்துக்கு மேல் பேசமாட்டாள். சோறு போடுவாள், தலை வாருவாள். சீப்பு மண்டையில் பட்டால் நிறுத்தமாட்டாள்.

மூன்று வருடம் கழித்து நான் பெரியவளானபோது, வழக்கப்படி பச்சை ஓலைக் குடிசை கட்ட மாமா தென்னங்கீற்றோடு வந்தார். அப்பா தெருவிலேயே மறித்தார்.

"கட்டம் திருடின கையால கட்டின குடிசையில என் பொண்ணு உக்கார மாட்டா."

"மாமா, சத்தியமா நான் எண்ணக்கூட இல்ல. எனக்கு கணக்கே வராது, அக்காவக் கேளுங்க."

"உங்கக்காவக் கேட்டுதான் இந்த கதிக்கு வந்துகிறேன். எடுத்துகினு கெளம்பு."

மாமா கீற்றுகளைத் தெருவிலேயே வைத்துவிட்டுப் போனார். மாடு வந்து தின்றது. அப்பாவின் பங்காளி ஒருவர் வேறு குடிசை கட்டினார். நான் அதற்குள் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். அம்மா தட்டை உள்ளே நீட்டும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். கேட்கிறாள் என்று தெரியும். இப்போதாவது சொல்வாயா என்று. நான் தட்டை வாங்கிக்கொள்வேன்.

அதன்பிறகு படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன். வருடத்தில் நாலைந்து முறை ஆரணிக்குப் போவதும், பழம் வாங்கிக்கொண்டு போவதும், பேசாமல் திரும்புவதுமாக முப்பத்தைந்து வருடம் போனது. ஒரு வார்த்தைதான். அதை எடுத்து வைக்க எனக்குக் கிழிந்த தாள் ஒன்று தேவைப்பட்டது.

தாளைக் கிழித்த மறுவாரம் தனியாகப் பேருந்து ஏறினேன். அப்பா முன்னறையில் கட்டிலில் படுத்துக் கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் நெய்வதில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"அப்பா, அந்த நாடகத்துப் பாட்ட அம்மா சொல்லச் சொல்லல. நானாத்தான் போய் சார்கிட்ட சொன்னேன். அம்மா மேல பொய் சொன்னேன்."

அப்பா கைப்பேசியின் சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்த சாரு மூலையில நின்னு பேசினானே, அன்னிக்கே தெரியும். உங்க சம்சாரத்தோட நான் தனியா ஒரு வார்த்த பேசினதில்ல, உங்க பொண்ணு வந்து சொன்னத நம்பிட்டேன்னு அழுதான். கிள்ளி உக்கார வெச்சவ நாலு நாள்ல எதுக்கு சொல்லி அனுப்பப் போறா? கணக்குப் போட்டா தெரியாதா?"

"அப்புறம் ஏம்பா..."

"இன்னா ஏம்பா? பொண்டாட்டி பண்ணான்னு மொதலாளிகிட்ட சொல்லியாச்சி. பட்டு திரும்ப குடுக்கறேன்னு அவரும் சொல்லிட்டாரு. மறுபடி போயி, இல்ல என் பொண்ணு பண்ணான்னு சொல்லச் சொல்றியா? நாளைக்கி உன்ன எவன் கட்டுவான்? அவளுக்கு கல்யாணம் ஆயிடுச்சி. உனக்கு ஆவணும் இல்ல?" நியாயமான ஒன்றைச் சொல்லி முடித்தவர்போலத் தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

கீரை உருவும் சத்தம் நின்றிருந்தது.

அம்மாவுக்கு என் பொய் அன்றே தெரியும். ஆனால் அப்பாவுக்கு உண்மை தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. அந்தக் கணம்தான் தெரிந்தது. அவர் உண்மையாகவே ஏமாந்துவிட்டார், பிள்ளை சொன்னதை நம்பிவிட்டார் என்று நினைத்துத்தான் அவருக்கு அவள் முப்பத்தைந்து வருடம் சோறு போட்டிருக்கிறாள்.

"யோவ்" என்றாள். அவள் அப்பாவை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "உனக்குத் தெரியுமா?"

அப்பாவின் கைப்பேசியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கீரைக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினாள். எழுந்து கைகழுவினாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். நான் அவள் காலைத் தொடலாமா என்று குனிந்தேன். காலை நகர்த்திக்கொண்டாள்.

"அதெல்லாம் வாணாம். வா."

"எங்கம்மா?"

"தெருவுக்கு. அன்னிக்கி தெருவே கேட்டுச்சி இல்ல?"

முதலில் எதிர்வீடு. அத்தைக்கு எண்பது இருக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இவ உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். காது கேக்குது இல்ல? கேளு" என்றாள் அம்மா.

நான் ஆரம்பித்தேன். "அத்தை, சின்ன வயசுல, அந்த நாடகத்துப் பாட்டு விஷயத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு..."

"தானா நடந்துச்சா?" என்றாள் அம்மா. "பண்ணது யாரு?"

"நான். நான்தான் பண்ணேன். அம்மா பண்ணல."

அத்தை என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள். "அடியே, அது எந்த காலத்துக் கத! இப்ப எதுக்கு இந்த பேஜாரு?"

"உனக்கு அது எந்த காலமோ. நான் இருவது வருசம் மில்லுக்கு உன் வாசல தாண்டித்தான் போனேன்." அம்மாவின் குரல் உயரவே இல்லை. "இப்ப என்ன பேரு சொல்லிக் கூப்புடு, பாப்போம்."

அத்தை வாயைத் திறந்தாள். அவளுக்கு அம்மாவின் பெயர் நினைவுக்கு வரவில்லை. நானும் அம்மாவும் அதற்காகக் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு அம்மா படியிறங்கினாள்.

அடுத்த வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். "அம்மா, இவங்களுக்கு என்னம்மா தெரியும்? இவங்க அப்ப பொறக்கவே இல்ல" என்றேன்.

"வூடு அதே வூடுதான். சொல்லு."

சொன்னேன். பத்து வயதில் என்ன செய்தேன், யார் மேல் போட்டேன் என்று, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் முதலிலிருந்து சொன்னேன். அவள் குழந்தையின் மூக்கைத் துடைத்தபடி கேட்டுவிட்டு, "சரிங்க ஆன்ட்டி" என்றாள். உள்ளே வரச் சொல்வதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பின்னால் அப்பா எங்கள் வாசலுக்கு வந்து நின்று கூப்பிட்டார். "இந்தா, போதும். நாலு பேரு பாக்கறாங்க, உள்ள வா."

அம்மா திரும்பவில்லை. வெடித்த பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து, என்னைவிட நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மூன்றாவது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் போய் ஒதுங்கி நின்று எனக்கு வழிவிட்டாள்.

"தட்டு" என்றாள். "நல்லா தட்டு."